உப்பு பளிச்... முகம் இருட்டு! போட்டோவை எப்படிச் சரிசெய்யலாம்?

தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் நேரத்தில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். உப்புக் குவியல் பளிச்சென்று இருக்கும். பக்கத்தில் நிற்பவரின் முகம் இருட்டாக விழுந்திருக்கும். சுற்றிலும் வெள்ளை அதிகம் என்பதால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. 'பிரைட்னஸை ஏத்தினா போச்சு' என்று மொத்தப் படத்துக்கும் கூட்டினால், உப்பு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். முகத்துக்கு மட்டும் கூட்டுவதுதான் வழி.

எடுக்கும்போதே...

போன் திரையில் உப்புக் குவியலைத் தொட்டு, அதற்கேற்ப வெளிச்சத்தை அமையுங்கள். இருட்டான இடத்தை ஓரளவு மீட்கலாம். முழுக்க வெளுத்துப்போன இடத்தை மீட்கவே முடியாது.

ஸ்நாப்சீடில்...

'டூல்ஸ்' பகுதியில் 'செலக்டிவ்' எடுங்கள். முகத்தில் தட்டினால் ஒரு புள்ளி விழும். இரண்டு விரல்களால் விரித்தோ சுருக்கியோ பரப்பை அமைக்கலாம். அப்போது சிவப்பாகத் தெரியும் பகுதிதான் மாறும். பிறகு ஒரு விரலை வலப்பக்கம் இழுத்தால் வெளிச்சம் கூடும். மேலும் கீழும் இழுத்தால் கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷனுக்கு மாறலாம்.

லைட்ரூமில்...

'மாஸ்க்கிங்'கில் 'செலக்ட் ஸ்கை' தட்டினால், வானத்தை அதுவே தனியாகப் பிரித்துத் தரும். முகத்துக்கு 'பிரஷ்' போதும். போனில் இந்த வசதிக்குக் கட்டணம் உண்டு.

ஒரு விஷயம்...

நிழலை விலக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோலை வெளுக்க வைக்காதீர்கள். நாள் முழுக்க வெயிலில் உப்பு வாருகிறவரின் நிறம் அவருடையது. முடித்ததும் படத்தை அவரிடமே காட்டுங்கள். 'ஆமா, நான்தான்' என்று சிரித்தால், உங்கள் எடிட்டிங் பாஸ்!