மண்ணுள் மறையும் அடையாளம்



ஐரோப்பிய நாடுகளில் இலையுதிர் காலத்து மழை பெய்து ஓய்ந்ததும் ஓக்கு மரங்களின் அடியிற் காளான்கள் முளைக்கும். கூடை கொண்டு காட்டுக்குச் சென்று அவற்றைப் பறித்து வருதல் அந்நாட்டு மக்களின் பழைய வழக்கம். அவ்வாறு முளைப்பவற்றுள் ஒன்று மனிதரைக் கொல்வது. அமனிற்றா பலோயிடிசு என்பது அதற்குத் தாவரவியலார் இட்ட பெயர். 'மரணத் தொப்பி' எனப் பொருள்படும் பெயரால் ஆங்கிலேயர் அதனை அழைப்பர். உலகிற் காளான் நஞ்சால் நிகழும் மரணங்களுட் பெரும்பாலானவை இதனால் விளைவன. அதனை இனங்காண மனிதர் கற்ற வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

பண்டைய மக்கள் காளானின் உருவத்தை நோக்காது, அது முளைத்த இடத்தையே நோக்கினர். துருப்பிடித்த ஆணி, பாம்புப் புற்று ஆகியவற்றின் அருகே முளைப்பது நஞ்சாகும் என்று கி.பி. முதலாம் நூற்றாண்டில் தியோசுக்கோரிதீசு என்னும் கிரேக்க வைத்தியர் எழுதினார். இத்தகைய நம்பிக்கைகள் பிழையானவை. ஆயினும் நெடுங்காலம் நிலைத்தன. அவை நிலைத்தமைக்குக் காரணம் இந்நஞ்சின் இயல்பிலேயே உண்டு.

இதனை உண்டவருக்கு ஆறு முதற் பன்னிரண்டு மணி நேரம் வரை, சிலவேளை அதற்கு மேலும், யாதொரு துன்பமுந் தோன்றாது. பின்னர் வாந்தியும் வயிற்றோட்டமும் வருத்தும். அடுத்த நாளளவில் அவை தணியும். நோயாளி தேறிவிட்டார் என உறவினர் மகிழ்வர். அவ்வேளையில் அவரது ஈரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். மரணம் பல நாட்களுக்குப் பின் வருதலால், அதற்குக் காரணம் முன்னொரு நாள் உண்ட உணவே என்பது பலருக்குப் புலப்படவில்லை.

ஒஸ்திரிய மன்னரான ஆறாம் சாள்சு சக்கரவர்த்தி, காளான் உணவு உண்டபின் நோயுற்றுச் சில நாட் கிடந்து, 1740ஆம் ஆண்டு ஒற்றோபர் 20ஆந் திகதி வியன்னாவில் இறந்தார். அந்நோயின் போக்கை நோக்கி, இக்காளானே காரணமாகலாம் எனக் கருதுவோர் உளர். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் மரியா தெரேசா அரசுரிமை ஏற்றதும் பிரசிய மன்னர் படையெடுத்தார். அப்போர் 1748 வரை நீடித்தது. ஒரு தட்டுக் காளான் ஐரோப்பாவின் விதியையே மாற்றிற்று என்ற கருத்துப்பட வோல்த்தேர் எழுதினார்.

வியப்பு யாதெனில், சக்கரவர்த்தி இறப்பதற்குப் 13 ஆண்டுகளுக்கு முன்னரே, 1727இல், பிரெஞ்சுத் தாவரவியலார் வையான் எழுதிய நூலில் இக்காளானின் வளையமும் மங்கிய பச்சை நிறமும் குறிக்கப்பட்டிருந்தன. அறிஞரின் ஏட்டிலே இருந்த அடையாளம் அடுக்களையை எட்டவில்லை. நஞ்சு யாதென்பதும் இருபதாம் நூற்றாண்டிலேதான் தெளிவாயிற்று. 1937இல் பலோயிடின் என்ற நஞ்சையும், 1941இல் உயிரைக் கொல்லும் அமனிற்றினையும் ஜேர்மனிய இரசாயனவியலார் பிரித்தெடுத்தனர். ஈரலின் கலங்கள் புரதம் ஆக்குவதை அமனிற்றின் தடுக்கின்றது. வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அது கெடுவதில்லை. ஒரு காளானே ஒருவரைக் கொல்லப் போதியது.

இதன் அடையாளங்கள் எவை? தொப்பி பெரும்பாலும் மஞ்சள் கலந்த பச்சை நிறமுடையது. மழையில் வெளிறுவதும் உண்டு. தொப்பியின் கீழுள்ள தகடுகள் வெண்மையானவை. தண்டின் மேற்பகுதியில் மெல்லிய வளையம் தொங்கும். தண்டின் அடியோ பை போன்றதோர் உறையினுள் இருக்கும். அவ்வுறை மண்ணுக்குள் மறைந்திருத்தலால், கத்தியால் தண்டை அறுத்தெடுப்பவர் முதன்மையான சான்றை நிலத்திலேயே விட்டுவருகின்றார். வெள்ளிக் கரண்டி கறுக்குமா என்று பார்த்தலும், பூச்சி கடித்தது நல்லது எனக் கொள்ளுதலும் பயனற்றவை. நத்தைகள் இக்காளானைத் தின்று தீங்கின்றி உலவும்.

ஐரோப்பாவின் ஓக்கு மரங்களோடு இக்காளான் அவுஸ்திரேலியாவையும் அடைந்தது. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கன்பராவில் இதனை உண்ட இருவர் இறந்தனர். ஆசிய நாடுகளிலிருந்து சென்று குடியேறுவோர்க்கு அங்கு ஆபத்து அதிகம். அவர்கள் ஊரில் உண்டு பழகிய வைக்கோற் காளானுக்கும் அடியில் உறை உண்டு. மொட்டுப் பருவத்தில் இரண்டும் ஒத்துத் தோன்றும். முதிர்ந்த வைக்கோற் காளானின் தகடுகள் இளஞ்சிவப்பாகும். அதற்கு வளையமும் இல்லை. மொட்டிலே இவ்வேறுபாடு காணல் அரிது.

ஆகவே, அன்பர்களே, பிறந்த மண்ணிற் பெற்ற அறிவு பிற மண்ணிற் காவலாகாது. வேற்று நாட்டில் வாழும் உறவினர்க்கு இதனை எழுதுங்கள். ஐயத்துக்குரிய காளானை உண்டவர், நோய் தோன்றும்வரை காத்திராது, தோன்றியது தணிந்தாலும் ஏமாறாது, எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.