பாஸ்டன் கோடும் நியூயார்க் முயலும்

ஒரு கிருமியின் விஷயத்தில், அன்று பிறந்த சிசுவைவிட ஒரு வயதுக் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். 1933இல் பாஸ்டனில் லெராய் ஃபாதர்கில், ஜாய்ஸ் ரைட் என்ற இருவர் இதை நிரூபித்தார்கள். பல வயதினரின் ரத்தத்தில் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பாக்டீரியாவைக் கலந்து, ரத்தம் அதைக் கொல்கிறதா என்று பார்த்தார்கள். பிறந்த குழந்தையின் ரத்தம் கொன்றது. பெரியவர்களின் ரத்தமும் கொன்றது. சுமார் இரண்டு மாதத்திலிருந்து மூன்று வயது வரையிலான பிள்ளைகளின் ரத்தம்தான் பெரும்பாலும் கையை விரித்தது. மூளை உறை அழற்சியாக வந்து இந்தக் கிருமி பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனதும் அதே வயதில்தான். வரைபடத்தில் ரத்தத்தின் கொல்லும் திறனைக் காட்டும் கோடு தாழும் இடத்தில் நோயின் கோடு ஏறியது.

சிசுவிடம் இருந்தது தாயின் சொத்து. நச்சுக்கொடி வழியாக வந்த எதிர்ப்பொருள் சில மாதங்களில் கரைந்துவிடும். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் எதிர்ப்பொருளைத் தாங்களே ஈட்டியிருந்தார்கள். அதற்கு நோய் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. கிருமி தொண்டையில் சத்தமில்லாமல் தங்கிவிட்டுப் போனாலும் போதும். குடலில் வாழும் ஈ.கோலை வகை ஒன்றின் மேலுறையும் இதன் உறையை ஒத்திருப்பதால், உடல் அதைப் பார்த்தும் பாடம் படித்துக்கொள்ளும் என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

உறை என்பது இங்கே சர்க்கரைச் சங்கிலி. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் மார்கரெட் பிட்மன் 1931இல் இந்த பாக்டீரியாவின் உறைகளை ஆறு வகையாகப் பிரித்து, மூளை உறை அழற்சி வந்த பிள்ளைகளின் தண்டுவட நீரில் இருப்பது பெரும்பாலும் ‘பி’ வகை என்று காட்டினார். சுருக்கமாக, ‘ஹிப்’. அதே ஆண்டு, அதே நிறுவனத்தில், ஆஸ்வால்டு ஏவரியும் வால்டர் கோபெலும் நிமோனியா கிருமியின் சர்க்கரையை முயலுக்குச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். வெறும் சர்க்கரையை முயல் சட்டை செய்யவில்லை. அதையே குதிரை ரத்தப் புரதம் ஒன்றோடு ரசாயனமாகப் பிணைத்துக் கொடுத்ததும் எதிர்ப்பொருளை உண்டாக்கியது.

நோயின் வயதுக் கணக்கு பாஸ்டனில் இருந்தது, அதை மாற்றும் வழி நியூயார்க்கில் இருந்தது. இடையில் இரண்டே ஆண்டு, சில மணி நேர ரயில் பயணம். ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரு தடுப்பூசியாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தாமதத்துக்கு ஒரு காரணம் நல்ல செய்திதான். 1939இல் ஹாட்டி அலெக்சாண்டர் எதிர்ப்பொருள் நிறைந்த முயல் சீரம் கொடுத்துப் பிள்ளைகளைப் பிழைக்கவைத்தார். அடுத்து சல்ஃபா, பிறகு ஆன்டிபயாடிக். மருந்து கைவசம் இருக்கும்போது தடுப்பூசிக்கு யார் மெனக்கெடுவார்கள்? பிழைத்தவர்களில் பலர் காது கேளாமலும் மூளை பாதிக்கப்பட்டும் வீடு திரும்பினார்கள் என்ற கணக்கு மெல்லத்தான் உறைத்தது.

1974இல் ஃபின்லாந்தில் ஹிப்பின் வெறும் சர்க்கரையே தடுப்பூசியாகச் சோதிக்கப்பட்டது. மூன்று மாதம் முதல் ஐந்து வயது வரையிலான சுமார் 1 லட்சம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஹிப் ஊசி, மீதிப் பேருக்கு வேறொரு கிருமிக்கான ஊசி. பதினெட்டு மாதத்தைத் தாண்டியவர்களுக்குக் காப்பு கிடைத்தது. அதற்குக் கீழே, அதாவது நோய் அதிகம் தாக்கும் வயதில், பலனே இல்லை.

காரணம் இதுதான்: புரதத்தைக் கண்டால் உடலின் டி அணுக்கள் துணைக்கு வந்து, எதிர்ப்பொருள் சுரக்கும் பி அணுக்களைத் தூண்டும், நினைவும் பதியும். சர்க்கரைச் சங்கிலிக்கு அந்தத் துணை கிடைப்பதில்லை. மண்ணீரலின் விளிம்புப் பகுதியில் உள்ள பி அணுக்கள்தான் அதைத் தனியாகச் சமாளிக்க வேண்டும். அந்தப் பகுதி முதிர ஏறக்குறைய இரண்டு வயதாகிவிடும். சர்க்கரைக்கு எதிராகப் பெரியவர்கள் அதிகம் சுரக்கும் ‘ஐஜிஜி-2’ வகை எதிர்ப்பொருளும் பிள்ளைகளிடம் தாமதமாகவே நிரம்புகிறது.

ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்நீர்சன் இருவரும் அமெரிக்காவின் பெதஸ்டாவில் ஏவரியின் பழைய உத்தியைக் கையிலெடுத்தார்கள். டேவிட் ஸ்மித், போர்ட்டர் ஆண்டர்சன் இணை தனியாக அதே வேலையில் இறங்கியது. குதிரைப் புரதத்தின் இடத்தில் நஞ்சு நீக்கிய டிப்தீரியா, டெட்டனஸ் புரதங்கள் வந்தன. அமெரிக்காவில் வெறும் சர்க்கரை ஊசிக்கு 1985இல் அனுமதி, அதுவும் இரண்டு வயதுக்கு மேல்தான். இப்படிப் புரதத்தோடு பிணைத்த இணைப்பு ஊசி 1987இல் ஒன்றரை வயதுக்கு இறங்கி, 1990இல் இரண்டு மாதக் குழந்தையை எட்டியது. நால்வருக்கும் 1996இல் லாஸ்கர் மருத்துவ விருது கிடைத்தது.

ஆனால் எல்லா இணைப்பும் ஒன்றல்ல. ஃபின்லாந்துக் குழந்தைகளைக் காத்த டிப்தீரியா இணைப்பு அலாஸ்காவின் பழங்குடிக் குழந்தைகளிடம் தோற்றது. அங்கே நோய் இன்னும் இளம் மாதங்களிலேயே தாக்கியது; இரண்டாவது, மூன்றாவது ஊசிக்குக் காத்திருக்க அவகாசமில்லை. முதல் ஊசியிலேயே எதிர்ப்பொருளை எழுப்பிய வேறொரு இணைப்பு, மெனிங்கோகாக்கஸ் என்ற கிருமியின் புரதத்தோடு செய்தது, அங்கே எடுபட்டது. 1996இல் அதை மாற்றிப் பார்த்தபோது ஹிப் மறுபடி தலைதூக்க, மெனிங்கோகாக்கஸ் இணைப்புக்கே திரும்பினார்கள்.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 20,000 பிள்ளைகளைத் தாக்கிய நோய் 99 சதவீதம் குறைந்தது. இந்தியாவில் ஹிப்பையும் சேர்த்த ஐந்து நோய்த் தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் முதலில் போட்ட மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும், 2011 டிசம்பரில். டைபாய்டின் கதையும் இதேதான். அதன் சர்க்கரை ஊசி இரண்டு வயதுக்கு மேல்தான் செல்லுபடியாகும். டெட்டனஸ் புரதத்தோடு இணைத்து ஹைதராபாத்தில் தயாரான ஊசியை ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம். அத்தகைய ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது.