'பி' என்னும் ஈறு

இங்கிலாந்தின் தேசப்படத்தை விரித்து, இலண்டனிலிருந்து வடமேற்கே செல்லும் பழைய உரோமர் பெருவழியாகிய வாற்லிங் வீதியை நோக்குவோம். அதற்கு வடகிழக்கே டார்பி, கிறிம்ஸ்பி, செல்பி, விற்பி என 'பி' என முடியும் ஊர்ப்பெயர்கள் செறிந்து கிடக்கின்றன. லிங்கன்சயரில் மாத்திரம் இவை 200க்கு மேற்பட்டன. தென்மேற்கிலோ அருகியே காணப்படும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

'பி' டேனியர் மொழிச் சொல். ஊர், பண்ணை எனப் பொருள்படும். கி. பி. 865இல் டேனியரின் பெரும்படை இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் வந்திறங்கியது. மறு ஆண்டில் யோர்க் நகர் வீழ்ந்தது. 876இல் அவர்தம் தலைவன் ஹல்ப்டான் நொதம்பிரியாவின் நிலங்களைப் பகிர்ந்தளித்தான். வாளேந்தியவர் ஏர் பிடிக்கலாயினர். 878இல் அல்பிரட் மன்னன் எடிங்டனிற் பெற்ற வெற்றி அவர்களைத் தடுத்ததேயன்றித் துரத்தவில்லை. பின்னர் அவனும் டேனிய மன்னன் குத்ரமும் செய்த உடன்படிக்கை வகுத்த எல்லையில் வாற்லிங் வீதியும் இடம்பெற்றது.

பழைய பெயர்கள் சில மறைந்தே போயின. பீட் என்னும் துறவி 731இல் நிறைவித்த வரலாற்று நூலில் விற்பிக்கு 'ஸ்திரேனஷால்க்' என்பதே பெயர். டார்பியும் முன்னர் 'நோர்த்வேர்தி' எனப்பட்டது. எனினும் யான் பெரிதும் வியப்பது 'இங்கிள்பி' என்னும் பெயரையே. அதன் பொருள் ஆங்கிலேயர் ஊர் என்பது. ஆங்கிலேயர் நாட்டில் ஓர் ஊரை ஆங்கிலேயர் ஊர் எனச் சுட்டிக் கூற வேண்டுமாயின், அதன் அயலெல்லாம் யாவர் வாழ்ந்தனர் என்பது சொல்லாமலே விளங்கும்!

ஆயினும் ஈற்றை மாத்திரம் கண்டு முடிவு கட்டுதல் ஆகாது. றக்பி என்னும் பெயர் 1086ஆம் ஆண்டின் நிலக்கணக்கேட்டில் 'றோச்செபெரி' என்றுளது. அரண் எனப் பொருள்படும் ஆங்கில ஈறே அங்கு முதலில் இருந்தது. அயலூர்ப் பெயர்களின் சாயலால் அது பிற்காலத்தில் 'பி' ஆயிற்று.

வந்து குடியேறிய டேனியர் எத்துணையர் என்பதே அறிஞரிடை எழுந்த பெரும் பிணக்கு. பீற்றர் சோயர் 1962இல் அப்படை சில நூற்றுவரே எனக் கணித்தார். சிறு படையொன்று இத்தனை ஊர்களுக்குப் பெயரிட்டது எங்ஙனம்? கெனத் கமெரன் 1965இல் இப்பெயர்களுடைய ஊர்களின் மண்வளத்தை ஆராய்ந்து, அவற்றுட் பல முன்னரே உழுது பயிரிட்ட நன்னிலங்களில் இல்லை எனவும், படையின் பின்னே உழவர் கூட்டம் வந்து புதுநிலம் திருத்தியது எனவும் வாதித்தார். எமக்கும் குடியேற்றம் பெரிது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆண்ட மக்களின் பட்டப்பெயர்களை ஒரு மொழி கடன்கொள்வது எளிது. 'அவர்கள்' என்னும் சுட்டுப்பெயரையே ஆங்கிலம் வட மக்களிடமிருந்து பெற்றுள்ளது. இது அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து, கொண்டும் கொடுத்தும் பழகினோரிடையே நிகழ்வதாகும்.

இச்சொல் ஊர்ப்பெயர்களோடு நின்றுவிடவில்லை. உள்ளூராட்சி மன்றங்கள் இயற்றும் விதிகளை ஆங்கிலத்தில் 'பை-லோ' என்பர். அதன் முற்பாதியும் இச்சொல்லே என்பது பெரும்பாலோர் துணிபு. அவ்வாறாயின் ஊர்ச்சட்டம் என்பதே அதன் முதற்பொருள். 'உபவிதி' என நாம் வழங்குவது, பிற்காலத்தார் அம்முற்பாதிக்குப் 'பக்கத்தே உள்ளது' எனக் கொண்ட பொருளைத் தழுவியதாகும்.