அழுத்தினால் போதாது, தூக்கவும் வேண்டும்

நெஞ்சைத் திறக்காமலேயே, வெளியிலிருந்து கையால் அழுத்தி, நின்ற இதயத்துக்கு வேலை கொடுக்கலாம் என்று 1960-இல் உலகுக்குச் சொன்னது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு. அதில் கூவன்ஹோவன் மின்பொறியாளர். நிக்கர்பாக்கர் அவருடைய மாணவர். ஜூட் அறுவை மருத்துவர். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாயின் மார்பில், மின்னதிர்ச்சி தரும் தகடுகளை அழுத்திவைத்தபோதே ரத்த அழுத்தம் ஏறியதை நிக்கர்பாக்கர் கவனித்ததுதான் தொடக்கம்.

அதன்பின் பல ஆண்டுகள் எல்லோர் கவனமும் அழுத்துவதிலேயே இருந்தது. ஆனால் இதயத்தின் சொந்தத் தசைக்கு ரத்தம் போவது பெரும்பாலும் கையைத் தளர்த்தும் நொடியில்தான். மார்பு முழுதாக மேலெழுந்தால் உள்ளே அழுத்தம் குறையும். சிரைகளிலிருந்து ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். சோர்ந்த கைகள் மார்பின் மேலேயே சாய்ந்துவிட்டால் இது நடக்காது.

1990-இல் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் ஒரு வியப்பான சம்பவத்தைப் பதிவுசெய்தார்கள். மயங்கி விழுந்த தந்தையின் நெஞ்சில், கழிப்பறை அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணத்தை வைத்து அமுக்கி இழுத்திருக்கிறார் மகன். தந்தை பிழைத்தார்! மருத்துவர் கீத் லூரி இதைச் சிரித்து ஒதுக்கவில்லை. உறிஞ்சுகிண்ணம் பொருத்திய கைக்கருவியாக வளர்த்தெடுத்தார்.

ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் குழு உருவாக்கிய, மார்பைத் தானே அழுத்தும் லூகாஸ் இயந்திரத்திலும் அத்தகைய கிண்ணம் உண்டு. முதலில் அழுத்தக் காற்றாலும், பிறகு பேட்டரியாலும் இயங்கியது. சோர்வே அறியாத கை அது. ஆனாலும் 2014-இல் வெளியான, 2,589 நோயாளிகளைக் கொண்ட லிங்க் ஆய்வில், நான்கு மணி நேரம் உயிருடன் இருந்தோர் இயந்திரத் தரப்பில் 23.6 விழுக்காடு, கைத் தரப்பில் 23.7. ஓடும் ஆம்புலன்ஸிலும், ரத்தக்குழாய் அடைப்பு நீக்கும் மேசையிலும்தான் இயந்திரத்தின் அருமை தெரிகிறது. அங்கே மனிதர் நின்று சீராக அழுத்துவது கடினம்.