வளர்ப்புக் கிளிகளுக்கான விளையாட்டுப் பொருட்கள்

வளர்ப்புக் கிளிகளுக்கான விளையாட்டுப் பொருட்கள் என்பவை, கூண்டிலோ வீட்டினுள்ளோ வளர்க்கப்படும் கிளியினப் பறவைகள் கடிக்கவும், கிழிக்கவும், ஏறி விளையாடவும், உணவைத் தேடி எடுக்கவும் கொடுக்கப்படும் பொருட்கள் ஆகும். ஊஞ்சல், மணி, மரத்துண்டு, கயிறு முதலிய கடைப் பொருட்களும், கிண்ணம், தேங்காய் மட்டை, மக்காச்சோளச் சக்கை முதலிய வீட்டுப் பொருட்களும் இவற்றுள் அடங்கும்.

கிளி தன் அலகை மூன்றாவது காலைப் போலப் பயன்படுத்துகிறது. ஏறும்போது கம்பியை அலகால் கவ்வுகிறது. புதிய பொருளை அலகாலும் நாவாலும் ஆராய்கிறது. பின்னர் அதை உடைக்கிறது. ஆகவே ஒரு பொருள் முழுமையாக இருக்கும்போது தீங்கற்றதா என்று பார்ப்பது போதாது. அது உடைந்து துகளாகி வயிற்றினுள் சென்றால் என்ன நேரும் என்பதே கருதத்தக்கது.

வளர்க்கத்தக்க இனங்கள்

தமிழ்நாட்டு வீடுகளில் சட்டத்திற்கு உட்பட்டு வளர்க்கப்படும் கிளிகள் பெரும்பாலும் வெளிநாட்டு இனங்களே. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகர், காக்கடீல் ஆகியவையும் ஆப்பிரிக்கக் காதற்பறவைகளும் பரவலாகக் காணப்படுகின்றன. கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜெரிகர் ஆகும். உண்மையான காதற்பறவை வேறு இனம்.

பச்சைக்கிளி எனப்படும் செந்தார்ப் பைங்கிளி, அலெக்சாந்திரக் கிளி உள்ளிட்ட இந்தியக் கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். 2022இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், செந்தார்ப் பைங்கிளி இச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. அதே ஆண்டில் கோயம்புத்தூர் உள்ளிட்ட இடங்களில், வீட்டில் உள்ள பச்சைக்கிளிகளை ஒப்படைக்குமாறு வனத்துறை பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. சோசியக்காரரிடம் கிளி இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் பலர் இச்சட்டத்தை அறிவதில்லை.

ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி, சன் கொனூர் போன்று பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியல்களில் இடம்பெற்ற இனங்களை வைத்திருப்போர், 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி அவற்றைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தல் வேண்டும்.

தேவை

காட்டுக்கிளியின் பகற்பொழுதில் பெரும்பகுதி இரை தேடுவதில் கழிகிறது. கூண்டுக்கிளிக்குக் கிண்ணத்தில் உள்ள தினையைத் தின்ன சில நிமிடங்களே போதும். எஞ்சிய நேரத்தில் செய்வதற்கு ஏதுமில்லாத கிளி இடைவிடாது கத்துவதும், தன் இறகைத் தானே பிடுங்குவதும் உண்டு. இறகு பிடுங்குவதற்கு நோயும் காரணமாகலாம் என்பதால், விளையாட்டுப் பொருள் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று முடிவு செய்தல் கூடாது. உணவைத் தாளில் சுற்றியோ, சக்கையின் இடுக்கில் செருகியோ கொடுத்தல் விலை உயர்ந்த பொம்மைகளை விடப் பயனுள்ளது.

உலோகங்கள்

வளர்ப்புக் கிளிகளுக்கு நேரும் நஞ்சூட்டங்களில் துத்தநாகத்தாலும் காரீயத்தாலும் நேர்பவை முதன்மையானவை. சேலம், நாமக்கல் சமவெளியில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. நாமக்கல் இந்தியாவின் பெரிய முட்டை உற்பத்தி மையங்களுள் ஒன்று. முட்டைக்கோழிக் கூண்டுகளுக்குப் பயன்படும் ஜி.ஐ. கம்பி வலை இவ்வட்டாரத்தில் எளிதில் கிடைப்பதால், கிளிக்கூண்டும் அதே வலையில் செய்யப்படுகிறது. இவ்வலையில் கோழி ஆண்டுக்கணக்கில் வாழ்கிறதே என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் கோழி கம்பியைக் கவ்வி ஏறுவதில்லை. கடித்துச் சுரண்டுவதும் இல்லை.

ஜி.ஐ. என்பது, இரும்பு துருப்பிடிக்காதிருக்க, ஏறக்குறைய 450 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகிய துத்தநாகத்தில் தோய்த்து எடுக்கப்பட்டதாகும். தோய்க்கும்போது கம்பிகள் கூடும் இடங்களில் துத்தநாகம் சிறு மணிகளாகவும் கூர்முனைகளாகவும் உறைந்து நிற்கும். கிளி முதலில் கடித்தெடுப்பது இவற்றையே. விழுங்கப்பட்ட துகள், தானியத்தை அரைக்கும் தசைப்பையான அரைவைப்பையில் தங்கி, அங்குள்ள அமிலத்தில் சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. புதிய கூண்டுகளில் மிகுதியாகக் காணப்படுவதால் இது 'புதுக்கம்பி நோய்' எனவும் வழங்கப்படும். புதிய வலையைக் காடி ஊற்றிக் கம்பித்தூரிகையால் தேய்த்துக் கழுவினால் தளர்ந்த துகள்கள் நீங்கும். இதனால் ஆபத்து குறையுமே தவிர, முற்றிலும் நீங்காது.

துருப்பிடிக்கா எஃகு, அதாவது எவர்சில்வர், இதற்குச் சிறந்த மாற்றாகும். இதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்திருப்பதால் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடின் மெல்லிய படலம் உருவாகி எஃகைக் காக்கிறது. துத்தநாகப் பூச்சுக்குத் தேவையே இல்லை. 1981இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை இவ்வகை எஃகுக்குப் பெயர் பெற்றது. சமையலறையில் கிடக்கும் பழைய எவர்சில்வர் கிண்ணமும் கரண்டியும் எந்தப் பொம்மைக்கும் குறைந்தவை அல்ல. காக்கடீல்கள் கரண்டியைத் தட்டி ஒலி எழுப்புவதில் மிகுந்த விருப்பம் கொண்டவை.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்ற சோதனையை இதற்கு நம்பக்கூடாது. பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. பித்தளையோ செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. சில வகைகளில் காரீயமும் உண்டு. எனவே பழைய பித்தளை மணி, குத்துவிளக்கின் உதிரிப்பகுதி, சாவி ஆகியவை கிளிக்கு ஏற்றவை அல்ல. மீன்பிடி ஈயக்குண்டு, பற்றாசு வைத்த மின்னணு உதிரிகள், திரைச்சீலையின் அடியில் தைக்கப்படும் எடைத்துண்டு ஆகியவை அலகுக்கு எட்டாதிருத்தல் வேண்டும்.

வண்ணப்பூச்சில் காரீயத்தின் அளவை 90 பிபிஎம் என வரையறுக்கும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட கதவு, சன்னல் சட்டம் ஆகியவற்றில் காரீயம் மிகுந்திருக்க வாய்ப்புண்டு. பொம்மைகளுக்கான இந்தியத் தர நிர்ணயச் சான்று 2021 முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் அது 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கானது. குழந்தைக்கு ஏற்ற நெகிழிப் பொம்மை கிளியின் அலகைத் தாங்கும் என்பதற்கு அச்சான்று உறுதி தராது.

வாழப்பாடி வட்டாரத்தில் கிடைப்பவை

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள வாழப்பாடியைச் சுற்றிப் பாக்கு, தென்னை, மக்காச்சோளம், மரவள்ளி ஆகியன பயிராகின்றன. இந்நான்கும் கிளிக்கு ஒன்றுபோல் ஏற்றவை அல்ல.

மக்காச்சோளக் கதிர் மிகவும் உகந்தது. மணிகளைக் கொத்தித் தின்றபின் சக்கையையும் கிளி துருவித் துருவிப் பிய்க்கும். பச்சைக் கதிரை அன்றே அகற்றிவிட வேண்டும். ஈரச் சக்கையில் வளரும் பூஞ்சை, பறவைகளின் கல்லீரலையும் மூச்சுறுப்பையும் தாக்கும். நன்கு காய்ந்த தேங்காய் மட்டையும் சிரட்டையும் கடிப்பதற்கு ஏற்றவை. மட்டையில் நாரிழைகள் நீண்டு தொங்கினால் வெட்டிவிடுதல் நலம்.

பாக்கில் அரிகோலின் என்னும் அல்கலாய்டு உள்ளது. முப்பது, நாற்பது கிராம் எடையே உள்ள பட்ஜெரிகருக்குப் பாக்குக்கொட்டையை விளையாடக் கொடுப்பது தவறு. பாக்கு மட்டைத் தட்டு பசை எதுவும் இல்லாமல் வெப்பத்தில் அழுத்திச் செய்யப்படுவதால், கிழித்து விளையாட ஏற்றது என்று தோன்றும். எனினும் 2025 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிருவாகம், இம்மட்டையின் அல்கலாய்டுகள் உணவில் கலக்கக்கூடும் எனக் கூறி, உணவுத்தட்டாக இதைப் பயன்படுத்த ஒப்புதல் இல்லை என அறிவித்தது. தட்டில் வைத்த உணவே கேள்விக்குள்ளாகும்போது, தட்டையே மென்று கிழிக்கும் பறவைக்கு அதைத் தவிர்ப்பதே முறை.

குச்சிக்கிழங்கு என இவ்வட்டாரத்தில் வழங்கும் மரவள்ளியின் இலை, தண்டு, பச்சைக்கிழங்கு ஆகியவற்றில் சயனைடை வெளிவிடும் சேர்மங்கள் உள்ளன. வேலியோரம் குவிந்து கிடக்கும் மரவள்ளிக் குச்சி நேராகவும் உருண்டையாகவும் இருப்பதால் உட்காரும் கொம்பாக வைக்கத் தோன்றலாம், வைத்தல் கூடாது. அதற்குப் பூச்சிமருந்து படாத கொய்யாக் கிளையும் மூங்கிலும் ஏற்றவை. அரளி, ஊமத்தை, குன்றிமணி ஆகியன கடும் நஞ்சுடையவை. சாயமிடாத பனையோலைக் கிலுகிலுப்பையைக் கிளிகள் விரும்பிக் கிழிக்கும். அதனுள் இருப்பது கல்லா விதையா என்று பிரித்துப் பார்த்த பின்னரே கொடுத்தல் வேண்டும்.

கயிறு, துணி, மணி

பருத்திக் கயிறு பிரிந்தால் அதன் மெல்லிய இழை விரலைச் சுற்றி இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து விரலையே இழக்கச் செய்யும். விழுங்கிய இழைகள் தீனிப்பையில் திரண்டு அடைப்பை உண்டாக்கும். படுப்பதற்கென விற்கப்படும் துணிக்கூடுகளிலும் இதே ஆபத்து உள்ளது. கயிறு தேவைப்படின் குட்டையாகக் கட்டி, பிரியத் தொடங்கியதும் அகற்றிவிட வேண்டும். கொலுசில் உள்ளவை போன்ற பிளவுள்ள சலங்கை மணிகளின் பிளவில் நகமும் அலகும் சிக்கும். சிறு கிளிக்கெனச் செய்த பொருளைப் பெரிய கிளிக்குக் கொடுத்தால் அது நொடியில் நொறுங்கும். பெரிய கிளிக்கான வளையத்தில் சிறு கிளியின் தலை மாட்டிக்கொள்ளும்.

சமையலறையும் காற்றும்

பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் செல்கிறது. நுரையீரலுடன் இணைந்த காற்றுப்பைகள் அதை இடைவிடாது செலுத்துகின்றன. பறத்தலுக்கு உதவும் இவ்வமைப்பு நச்சுவளியையும் விரைவாக உள்வாங்கும். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகள் வைக்கப்பட்டிருந்தது இதனாலேயே.

நான்-ஸ்டிக் பாத்திரங்களில் பூசப்படும் டெஃப்லான் 1938இல் கண்டறியப்பட்டது. சமைக்கும் வெப்பத்தில் தீங்கு செய்யாத இப்பூச்சு, ஏறக்குறைய 280 பாகை செல்சியசைத் தாண்டும்போது சிதைந்து நச்சுவளிகளை வெளியிடுகிறது. வெறும் தவாவை அடுப்பில் மறந்துவிட்டால் சில நிமிடங்களில் இவ்வெப்பம் எட்டப்படும். மனிதருக்கு மணமே தெரியாதிருக்கும்போது, அடுத்த அறையில் உள்ள கிளி மூச்சுத்திணறி இறந்துவிடக்கூடும். பெரும்பாலும் மருத்துவம் செய்ய நேரமே இருப்பதில்லை. இரும்புத் தோசைக்கல்லில் இவ்வாபத்து இல்லை. சில இஸ்திரிப்பெட்டிகளின் அடிப்பரப்பிலும் இதே பூச்சு உண்டு. கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, வண்ணப்பூச்சு ஆகியவற்றின் புகையும் ஆவியும் உள்ள அறையில் கூண்டை வைத்தல் ஆகாது.

வெளியே பறக்கவிடும் முன் கூரை மின்விசிறியை நிறுத்துவதும், நீர் நிறைந்த அண்டாவை மூடுவதும், கடிபடக்கூடிய மின்கம்பிகளை மறைப்பதும் இன்றியமையாதவை.

அறிகுறிகளும் மருத்துவமும்

உலோக நஞ்சூட்டத்தில் நீர்த்த எச்சம், மிகுந்த தாகம், உண்டதைக் கக்குதல், கால் தளர்ச்சி, வலிப்பு ஆகியன தோன்றும். பறவைகள் நோயை வெளிக்காட்டாதிருக்க முயல்வதால், இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் அமர்ந்திருக்கும் கிளியை அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். கடிக்கப்பட்ட பொருளின் எஞ்சிய பகுதியையும் உடன் எடுத்துச் செல்லுதல் நன்று. ஊடுகதிர்ப் படத்தில் உலோகத்துகள் தெரியும். உலோகத்தைப் பற்றி வெளியேற்றும் மருந்துகள் ஊசியாகவோ வாய்வழியாகவோ தரப்படுகின்றன. துகள் உள்ளேயே இருப்பின் அதையும் அகற்ற நேரிடும். வாழப்பாடிப் பகுதியினருக்கு அருகில், 1985இல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், ஆத்தூரை அடுத்த தலைவாசலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் அமைந்துள்ளன.