பாலர் நாடக சபைகளும் இளம் பாடகரும்: போற்றலும் இகழ்தலும் குறித்த ஒரு நோக்கு

இளம் பருவத்துப் பாடகர்கள் அளவிறந்த பற்றுக்கும் அளவிறந்த இகழ்ச்சிக்கும் ஒருங்கே இலக்காதல் நாம் அடிக்கடி காண்பதொன்றாகும். கனடாவைச் சேர்ந்த ஜஸ்ரின் பீபர் என்னும் இளைஞரின் பாடற் காட்சியொன்று 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. யூரியூப் தளத்திலே மிகக் கூடுதலானோர் பார்த்த காட்சி என்ற பெயரும், மிகக் கூடுதலானோர் வெறுப்புக் குறியிட்ட காட்சி என்ற பெயரும் சில காலம் அதற்கே உரியனவாயிருந்தன. இதனை விளக்க முற்படுவோர், போற்றுவோர் சிறுமியர் என்றும் இகழ்வோர் மூத்தோர் என்றும் இரு பிரிவினராக வகுத்துக் காட்டுவது வழக்கம். அவ்விளக்கம் பொய்யன்று, ஆயினும் போதியதன்று. ஒரே சமூகம், ஏன், ஒரே மனிதரே, இரவில் மெய்மறந்து கேட்ட பாடகனைப் பகலில் ஏளனஞ் செய்வது எங்ஙனம் என்ற வினாவுக்கு அது விடை தருவதில்லை. அவ்விடையைக் காண்பதற்குத் தமிழ் நாடக வரலாற்றில் பாலர் சபைகளின் காலம் தக்க களமாக அமைகின்றது.

இவ்விரு மனப்பாங்குகளின் தொன்மைக்குச் சிலப்பதிகாரமே சான்றாகும். ஐந்தாம் வயதிலே பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறிய மாதவி, சோழ மன்னனிடம் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் மதிப்புடைய மாலையும் பெறுகிறாள். அம்மாலையை வாங்கி அவளை அடைந்தவன் கோவலன். பின்னர் ஊடலால் பிரிந்த அவளது திருமுகத்தை ஏற்க மறுக்கும்போது, அவள் ஆடல்மகள் என்பதையே அவன் காரணமாகக் காட்டுகிறான். எக்கலை அவளிடம் அவனை ஈர்த்ததோ, அக்கலையே அவளை ஒதுக்குதற்கும் காரணமாயிற்று.

பாலர் சபைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பெருகின. வளர்ந்த நடிகர்களின் ஒழுங்கீனத்தால் மனம் வெதும்பிய ஆசிரியர்கள், சிறுவரைக் குருகுல முறையிற் பயிற்றி நாடகமாட முற்பட்டனர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918ஆம் ஆண்டில் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். ஜெகந்நாதையரின் மதுரை பால மீனரஞ்சனி சங்கீத சபை, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பனி முதலியனவும் இவ்வகையின. இச்சிறுவரிற் பெரும்பாலார் வறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெற்றோர் குறித்த சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பர், உணவும் உறையுளும் கம்பனி வீட்டில், ஊதியமோ சிறிது. கண்டியில் 1917இல் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரனை இத்தகைய கம்பனியொன்றிற் கொண்டு சேர்த்ததும் குடும்பத்தின் வறுமையேயாகும்.

இனி, மக்கள் இச்சிறுவரைப் போற்றியதன் காரணத்தை நோக்குவோம். விடிய விடிய நடைபெற்ற இசைநாடகத்திலே உரையாடலினும் பாட்டே முதன்மை பெற்றது. ஒலிபெருக்கி வாராத அக்காலத்திலே, கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருந்தவனுக்கும் எட்டும் குரலே நடிகனின் மூலதனம். பருவமெய்தாத சிறுவனின் உச்சக்குரல் இத்தேவைக்கு இயல்பாகவே பொருந்திற்று. விரும்பிய பாட்டை மீண்டும் பாடும்படி ‘ஒன்ஸ்மோர்’ என்ற ஆரவாரம் எழும். காட்சி நின்று பாட்டுத் தொடரும். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) சிறு வயதிலேயே மேடையேறிப் பெற்ற புகழ் இத்தகைய குரலின் புகழாகும். 1926இல் அவரும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் கொழும்பிலே ஒருங்கு நடித்தபோது இருவரும் இருபது வயதளவினரே. ஆயினும் அதற்கு முன்னரே அவர்கள் புகழ்பெற்ற பாடகராயிருந்தனர்.

இப்புகழ் மேடையளவில் நின்றுவிட்டமை கவனித்தற்குரியது. அபிமன்யுவாகவும் கண்ணனாகவும் கொண்டாடப்பட்ட சிறுவன், ஒப்பனை கலைந்ததும் ‘கூத்தாடி’ ஆனான். கூத்தாடிக்குப் பெண் கொடுக்கவும் வீடு கொடுக்கவும் தயங்கிய சமூகமே அவனது பாட்டுக்காகக் கொட்டகையை நிறைத்தது. இவ்விகழ்ச்சி கலையின் தரம் பற்றியது என்று கொள்வதற்கில்லை. பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) 1891இல் சென்னையிலே தோற்றுவித்த சுகுண விலாச சபையிலே படித்தவர்களும் பதவியிலிருந்தோரும் நடித்தனர். அரசியல் தலைவர் சத்தியமூர்த்தியும் அவர்களுள் ஒருவர். முதலியாரின் ‘மனோகரா’ அச்சபையிலும் நடிக்கப்பட்டது, தி. க. சண்முகமும் அவர் சகோதரரும் நடத்திய பாலர் சபையிலும் நடிக்கப்பட்டது. நாடகம் ஒன்று, வேடமும் ஒன்று. வழக்கறிஞர் நடித்தால் அது கலையார்வம். வயிற்றுக்காகச் சிறுவன் நடித்தால் அது கூத்தாட்டம். ஆகவே இகழ்ச்சி பாட்டின்மேல் எழுந்ததன்று. பாடுவோனின் குலம், பொருள்நிலை, கல்வி என்பவற்றின்மேல் எழுந்ததேயாகும்.

இகழ்ந்தோரிடம் நியாயமே இல்லை என்றும் கூறுதல் தகாது. சிறுவர் இரவு முழுதும் கண்விழித்தனர், பள்ளிக் கல்வியை இழந்தனர், கடுந்தண்டனைக்கும் ஆளாயினர். இவை மெய்யான கேடுகள். ஆனால் அக்கேடுகளைக் கண்டவர்கள் சிறுவனுக்குப் பள்ளியும் தக்க ஊதியமும் வேண்டுமென்று கேட்டதினும், அச்சிறுவனையே கேடாகக் கருதி விலக்கியதே மிகுதி.

இவ்வகையில் போற்றலும் இகழ்தலும் ஒரு மூலத்திலிருந்தே பிறந்தன எனலாம். போற்றியவர் அவனிடம் ஒரு குரலை மட்டும் கண்டனர். இகழ்ந்தவர் ஒரு தொழிற்பெயரை மட்டும் கண்டனர். உழைத்து உண்ணும் ஒரு பிள்ளையை இரு சாராருமே காணவில்லை. இதற்குத் தெளிவான சான்று, நாடகத்துறையினர் ‘மகரக்கட்டு’ என வழங்கிய பருவமாகும். பதின்மூன்று, பதினான்கு வயதளவிலே குரல் உடையும். முதல்நாள் வரை ராஜபார்ட்டாக விளங்கியவன் மறுநாள் சிறு வேடத்துக்கு இறங்குவான். அன்றேல் கம்பனியை விட்டே நீங்குவான். ‘ஒன்ஸ்மோர்’ கேட்ட மக்கள் அடுத்த சிறுவனைக் கேட்கத் தொடங்குவர். தி. க. சண்முகம் 1972இல் வெளியிட்ட ‘எனது நாடக வாழ்க்கை’ போன்ற நூல்கள் அவ்வுலகை நமக்குக் காட்டுகின்றன. ஆனால் அவை அப்பருவத்தைக் கடந்து நிலைபெற்றோரின் குரல்கள். கடவாதோர் எழுதியவை நமக்குக் கிட்டவில்லை.

ஈழத்து அனுபவமும் இக்கருத்தை அரண் செய்கின்றது. தமிழகக் கம்பனிகளின் வருகையால் யாழ்ப்பாணத்திலே இசைநாடகம் வேரூன்றி, காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989) போன்ற பெருங்கலைஞரைத் தோற்றுவித்தது. கிராமத்து அண்ணாவியார் காத்த கூத்தோ நெடுங்காலம் படித்தோரால் பொருட்படுத்தப்படவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேற்றிய பின்னர் அந்நிலை மாறத் தொடங்கிற்று. அவர் கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்தியமை இம்மாற்றத்துக்கு ஒரு காரணம். ஆடியோர் பல்கலைக்கழக மாணவராயிருந்தமை மற்றொரு காரணம் என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. அந்தப் பணியின் பெருமையை ஏற்கும்போதே, அதற்கு முன்னர் ஆடியோருக்கு அம்மதிப்பு ஏன் கிட்டவில்லை என்ற வினாவையும் நாம் ஏற்றல் வேண்டும்.

இன்றைய இளம் பாடகனின் செல்வநிலை பாலர் சபைச் சிறுவனின் நிலையோடு ஒப்பிடத்தக்கதன்று. எனினும் பீபரின் குரல் மாறத் தொடங்கியதும் அதே 2010ஆம் ஆண்டிலேதான். அம்மாற்றம் உலகச் செய்தியாயிற்று. ஒரு சிறுவனின் உடல் வளர்ச்சியை ஊரார் வாணிகக் கணக்காக நோக்கும் வழக்கம் தொடர்கின்றது. ஆகவே பற்று மிகையா, இகழ்ச்சி மிகையா என்று ஆராய்வதினும், அவ்விரண்டுக்கும் இடையே அப்பிள்ளைக்குக் கிடைத்த கல்வி யாது, ஊதியம் யாது, குரல் போனபின் அவன் சென்ற வழி யாது என ஆராய்தலே வரலாற்று மாணவருக்கு ஏற்ற பணியாகும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் இளமையில் மேடையேறி, பின்னர் பேர் மறைந்தோர் பற்றிய நினைவுகள் அவர்தம் குடும்பங்களிடையே இன்றும் எஞ்சியிருத்தல் கூடும். நாடக அறிவித்தல்கள், ஒப்பந்தத் தாள்கள், புகைப்படங்கள் என்பவற்றோடு அந்நினைவுகளையும் தொகுத்தல் வேண்டும். காலந் தாழ்த்தின் அவையும் கிட்டா.