அழைப்பு மரபு

நிரலில் ஒரு செயற்கூறு இன்னொன்றை அழைக்கும்போது, உள்ளீட்டை எங்கே வைப்பது, விடையை எங்கே எடுப்பது என்று இரண்டும் ஏற்றுக்கொண்ட வழக்கமே அழைப்பு மரபு. 'மரபு' தொல்காப்பியர் ஓர் இயலுக்கே சூட்டிய பெயர். எந்த விலங்கின் இளமையை எந்தச் சொல்லால் குறிப்பது என்று மரபியல் வரையறுக்கிறது.

மலேசியாவின் புந்தோங்கில், கச்சாங் பூத்தி எனும் கடலை வறுவல் விற்கும் கடையில் தமிழரை 'அண்ணே' என்றும் சீன முதலாளியை 'தவுக்கே' என்றும் மலாய்க்காரரை 'அபாங்' என்றும் ஆளறிந்து அழைப்பார்கள். இப்படி இடத்துக்கேற்ப மரபு மாறுவது செயலிக்கும் பொருந்தும். 64 பிட் இன்டெல் செயலியில் முதல் முழு எண் உள்ளீட்டை லினக்ஸ், செயலிக்குள் மதிப்பை வைக்கும் இடமான பதிவகங்களில் ஆர்டிஐ என்பதில் வைக்கும். விண்டோஸ் ஆர்சிஎக்ஸில் வைக்கும். பதிவகங்களில் லினக்ஸ் இத்தகைய 6 உள்ளீடுகளை அனுப்பும், விண்டோஸ் 4. முழு எண் விடை இரண்டிலும் ஆர்ஏஎக்ஸில் வரும்.

ஓடும் நிரலை நிறுத்தி ஒரு செயற்கூறை அழைக்கச் சொன்னால், ஜிடிபி போன்ற வழுநீக்கி அந்த மரபுப்படி பதிவகங்களை நிரப்பி, திரும்பும் முகவரியை அமைத்து, வேலை முடிந்ததும் பழைய மதிப்புகளை மீட்டு வைக்கும். மரபு பிசகினால், பிழையற்ற நிரலிலும் பொய் மதிப்பே தெரியும்.

எ-டு: “இந்த நூலகத்தின் அழைப்பு மரபைப் பார்த்துவிட்டு மதிப்பைப் படி.”